பெட்டில இருக்குற கணவாய் மீன் எந்தப் படகு மீனுன்னு யாருக்குத் தெரியும்?

உப்புக்காத்து (தூத்துக்குடி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. நான் 11 வருஷம் ஒரு கடல் உணவு ஏற்றுமதி கம்பெனில குவாலிட்டில இருந்தேன், கடைசி நாலு வருஷம் டாக்குமெண்ட் செக்‌ஷன். கம்பெனி பேரு வேண்டாம், நான் சொல்லப்போறது ஒரு கம்பெனியோட நிக்கிற விஷயம் இல்ல.

ஐரோப்பாவுக்கு கணவாய் போகணும்னா கேட்ச் சர்டிபிகேட் வேணும், 2010 ஜனவரி 1ல இருந்து அங்க இதுதான் சட்டம். எந்தப் படகு, பதிவு எண் என்ன, எந்தக் கடல்ல பிடிச்சது, எத்தன கிலோ எல்லாம் அதுல இருக்கணும். சட்டத்துக்குப் புறம்பா பிடிச்ச மீன் அவங்க சந்தைக்குள்ள வரக்கூடாதுன்னு கொண்டுவந்தது. நம்ம ஊர்ல எம்பிடா (கடல் பொருள் ஏற்றுமதிய கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு) அத சரிபாத்து முத்திரை போட்டுக் குடுக்கும்.

ஒருநாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும். காலைல கண்டெய்னர் கிளம்பணும், நாலு டன் ஓட்டுக்கணவாய்க்கு படகு விவரம் வரல. ஏஜெண்டுக்கு போன் போட்டேன். அவரு ஏலக்கூடத்துல நின்னுக்கிட்டே சட்டப்பையில இருந்து ஒரு பேப்பர எடுத்து ஐஎன்டி-டிஎன்-12-எம்எம்னு வரிசையா நம்பர் சொல்லிட்டே போறாரு, நானும் எழுதிட்டே போறேன். ஒன்பதாவதோ பத்தாவதோ ஒரு நம்பர், 400 கிலோன்னாரு. கை நின்னுருச்சு. அது என் மச்சான் டிரைவரா இருக்குற படகு. அந்தப் படகு மூணு வாரமா கரைல ஏத்தி அடிப்பலகை மாத்திட்டு இருந்தாங்க, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமதான் நான் போயி பாத்துட்டு வந்தேன். தச்சு வேலை நடக்குற படகு எப்படிய்யா 400 கிலோ கணவாய் பிடிக்கும்னு கேட்டா "அட விடு தம்பி, எல்லாம் நம்ம ஊர் படகுதானே, மீனும் நம்ம கடல் மீன்தானே" அப்படின்னாரு.

மேலதிகாரிங்ககிட்ட சொன்னேன். அந்த ஒரு நம்பர மட்டும் எடுத்துட்டு வேற நம்பர் போடச் சொன்னாங்க. போட்டேன். அத நெனச்சா இன்னைக்கும் மனசு உறுத்துது, அதனாலதான் இத எழுதறேன்.

நம்ம படகுக்காரங்க திருடங்கன்னு நான் சொல்லல. அந்த நாலு டன்ல முக்காவாசி ஒழுங்கா பிடிச்ச மீனாத்தான் இருந்திருக்கும். ஆனா மிச்சம் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, ஏஜெண்டுக்கும் தெரியாது, முத்திரை போட்டவங்களுக்கும் தெரியாது. இரட்டமடி (ரெண்டு படகு சேந்து ஒரே வலைய இழுக்குறது, தடை பண்ணது) இழுத்த மீனா, தடைக்காலத்துல பிடிச்சு ஸ்டோர்ல வச்ச மீனா, எதுவா இருந்தாலும் அந்தப் பேப்பர் ஒரே மாதிரிதான் இருக்கும். இத எங்க சரிபண்ணலாம்னு பேசலாமா?

நிரல்காரன்

நல்ல பதிவு ப்ரோ. இதுக்கு பிளாக்செயின்தான் சரியான தீர்வு. படகுல இருந்து தட்டு வரைக்கும் ஒவ்வொரு கைமாறலும் பதிவாகும், ஒருதடவ போட்டா யாராலயும் மாத்த முடியாது. பாக்கெட்ல க்யூஆர் கோட் ஒட்டினா வாங்குறவங்க ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கலாம். வெளிநாட்ல சூரை மீனுக்கு இந்த மாதிரி சோதனை பண்ணியிருக்காங்க.

உப்புக்காத்து (தூத்துக்குடி)

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க ஆர்வம் புரியுது. ஆனா அன்னைக்கு ராத்திரி நான் எழுதுன 400 கிலோவ உங்க பிளாக்செயின்ல போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? தச்சு வேலைல இருந்த படகு கணவாய் பிடிச்சதுன்னு யாராலயும் அழிக்க முடியாத மாதிரி பதிவாயிருக்கும். அவ்ளோதான்.

ஓட்டை எங்கன்னு சொல்றேன். எங்க ஊர்ல விசைப்படகு காலைல அஞ்சு மணிக்குப் போயி ராத்திரி ஒன்பது மணிக்குள்ள கரை சேரும். கரை வந்ததும் ஏலம். ஒரு ஏஜெண்ட் ஏழெட்டு படகுல கணவாய் எடுப்பாரு, ஒன்னுல 30 கிலோ, ஒன்னுல 80 கிலோ இப்படி. எடுத்தத எல்லாம் ஒரே ஐஸ் தண்ணித் தொட்டில கொட்டுவாங்க, வெயில் படாத நேரம்னாலும் கணவாய் சீக்கிரம் சிவந்துரும், அவசரம். உடனே நாலஞ்சு அக்காமாருங்க உக்காந்து சைஸ் பிரிப்பாங்க, பெருசு ஒரு பெட்டி, நடுத்தரம் ஒரு பெட்டி, சின்னது ஒரு பெட்டி. சைஸ் பிரிச்சு முடிஞ்ச நிமிஷம் படகு போச்சு. அதுக்கப்புறம் கடவுளே வந்து கேட்டாலும் இந்தக் கணவாய் எந்தப் படகுதுன்னு சொல்ல முடியாது. மொத்தமே அர மணி நேரந்தான். அந்த அர மணி நேரத்துக்கு முன்னாடி இருக்குற எல்லாத்துக்கும் ரெக்கார்டு இருக்கு, பின்னாடி கம்பெனிக்குள்ள ஹாசப்னு உணவுப் பாதுகாப்பு ரெக்கார்டு, லாட் கோடு, எந்த டேபிள்ல யாரு சுத்தம் பண்ணாங்க வரைக்கும் இருக்கு. நடுவுல மட்டும் ஒன்னும் கிடையாது.

விசைப்படகு_பாம்பன்

அண்ணே வணக்கம். எனக்கு ரெண்டு படகு இருக்கு, ராமேஸ்வரம் கரைல. படிச்சேன், எழுதுனது எல்லாம் உண்மைதான். ஆனா எங்க பக்கமும் கேளுங்க.

ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு பேப்பர், புதுசா ஒரு மெஷினு வந்தா அது எங்க தலைலதான் வந்து விடியுது. லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ், இப்ப படகு எங்க இருக்குன்னு சாட்டிலைட்டுக்கு சொல்ற இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர். அது அரசு செலவுலதான் மாட்டுறாங்க, ஒரு லட்சம் படகுக்கு 364 கோடில திட்டம்னு 2024 ஆகஸ்ட்ல தொடங்குனாங்க, புயல் நேரத்துல சேதி வரும், ஆபத்துன்னா பட்டன அமுக்கலாம், அது நல்லதுதான் நான் மறுக்கல. ஆனா இந்தப் பேப்பர் வேலை எல்லாம் செஞ்சா என் மீனுக்கு ஒரு கிலோவுக்கு ஒரு ரூவா கூட வருமா? வராது. ஏன்னா நான் ஏஜெண்ட்கிட்ட முன்பணம் வாங்கியிருக்கேன். இன்ஜின் வாங்க வாங்குனது. மீன அவருக்குத்தான் போடணும், அவரு சொல்றதுதான் வெல. ஒழுங்கா பிடிச்சவனுக்கும் அதே வெல, இரட்டமடி இழுத்தவனுக்கும் அதே வெல, சொல்லப்போனா அவனுக்கு மீன்பாடு அதிகம், அவன்தான் கடனை சீக்கிரம் அடைக்கிறான். அப்ப ஒழுங்கா இருக்குறவன் எதுக்கு இருக்கான்னு சொல்லுங்க.

இந்த முன்பணத்தப் பத்தி பேசாம எந்தத் திட்டம் போட்டாலும் நிக்காது.

கொட்பே_தம்பி (திருகோணமலை)

வணக்கம். நான் திருகோணமலை. இந்த விசயத்தில எங்களுக்கு ஒரு பெரிய அடி விழுந்தது, அதைச் சொல்ல வேணும் போல இருக்கு.

2012 நவம்பரில ஐரோப்பிய ஒன்றியம் எங்கட நாட்டுக்கு மஞ்சள் அட்டை, அதாவது எச்சரிக்கை தந்தது. ஆழ்கடலுக்குப் போற பலநாள் படகுகளைக் கண்காணிக்க ஒழுங்கான ஏற்பாடு இல்லை, பிழை செய்தால் தண்டனை காணாது, இந்து சமுத்திர சூரை ஆணையத்தின்ர விதியள் நடைமுறையில இல்லை எண்டு சொன்னவை. ஒண்டும் பெரிசா மாறேல்லை. 2015 ஜனவரியில சிவப்பு அட்டை, மீன் ஏற்றுமதி தடை. அதுக்கு முதல் 2013ல மட்டும் 74 மில்லியன் யூரோ பெறுமதியான மீன் எங்கட நாட்டில இருந்து ஐரோப்பாவுக்குப் போயிருந்தது, அங்க போற குளிரூட்டின பச்சை சூரையும் வாள் மீனும் கூடுதலா எங்கடதுதான். அது ஒரே நாளில நிண்டது.

அப்பா அப்ப ஒரு பலநாள் படகில தண்டையல், படகை நடத்துறவர். 25 நாள் கடலில நிண்டு வந்து, நல்ல பெரிய சூரை, ஐசில கண் இன்னும் கலங்காமல் இருக்கு, வாங்க ஆளில்லை. உள்ளூர்ச் சந்தைக்கு அள்ளிக் குடுத்தது. அப்பா பிழை ஒண்டும் செய்யேல்லை. பிழை செய்த படகும் செய்யாத படகும் ஒண்டுதான் எண்டு ஆகிட்டுது, ஏனெண்டால் எது எது எண்டு காட்ட எங்களிட்ட ஒரு பதிவும் இருக்கேல்லை. தடம் காட்ட ஏலாட்டி நல்லவனுக்கும் சேர்த்துத்தான் அடி விழும், இதை நான் கண்ணால பார்த்தனான்.

பிறகு கண்காணிப்புக் கருவி பூட்டினவை, பதிவுப் புத்தகம் கட்டாயமாக்கினவை, சட்டத்தைத் திருத்தித் தண்டப்பணம் கூட்டினவை. 2016 ஜூனில தடை எடுபட்டது. முதல் வருசம் அந்தப் புத்தகத்தைக் கன பேர் துறைமுகத்துக்கு வர முதல்நாள் இரவு இருந்து ஒரே பேனையால நிரப்பினவைதான், அதையும் ஒளிக்காமல் சொல்லுறன். பிறகு கருவி காட்டுற இடத்தையும் புத்தகத்தில எழுதின இடத்தையும் ஒப்பிட்டுக் கேள்வி கேட்க வெளிக்கிட்ட பிறகுதான் அண்டண்டைக்கு எழுதுற பழக்கம் வந்தது.

விசைப்படகு_பாம்பன்

தம்பி, உங்க அப்பா கதை படிச்சு மனசு கனத்துருச்சு. கண்ணு கலங்காத சூரைய அள்ளிக் குடுக்குறது எவ்ளோ வேதனைன்னு எங்களுக்குத் தெரியும்.

கொட்பே_தம்பி (திருகோணமலை)

நன்றி அண்ணை. இன்னொண்டு, கோவிக்காதேங்கோ. என்ர மாமா ஆக்கள் மன்னாரில சிறு தொழில், வள்ளத்தில வலை போடுறவை. உங்கட பக்கத்து இழுவைப் படகுகள் இரவில வந்து போனால் விடிய வலை துண்டு துண்டாக் கிடக்கும். 2017ல எங்கட பாராளுமன்றம் இழுவை மடியை முழுசாத் தடை செய்தது, எங்கட ஆக்களுக்கும் சேர்த்துத்தான். இப்ப நான் கேக்கிறது, அப்பிடி எங்கட பக்கத்தில அள்ளின இறாலும் கணவாயும் உங்கட கரையில இறங்கினால் அதின்ர பேப்பரில எந்தக் கடல் எண்டு எழுதுவினம்?

விசைப்படகு_பாம்பன்

கோவம் இல்ல தம்பி. கேட்டது நியாயம்.

இந்தியக் கடல்னுதான் எழுதுவாங்க. வேற எழுத மாட்டாங்க. எழுதுறவனுக்குத் தெரியவும் தெரியாது. டிரான்ஸ்பாண்டருக்கு எங்க கரைல பாதிப்பேரு தயங்குறதுக்கு காரணமும் அதுதான், எல்லையத் தாண்டுனா காட்டிக் குடுத்துரும். எங்க பாட்டன் காலத்துல இருந்து ரெண்டு பக்கமும் போயி தொழில் பாத்த கடல், எங்க பக்கம் பாறையும் பவளமும் போக மிச்சம் இருக்குறது கொஞ்ச இடம், அதுல இவ்ளோ விசைப்படகு. அது எங்க பொழப்பு. ஆனா உங்க மாமா வலை கிழியுறதும் பொழப்புதான், அத நான் மறைக்க மாட்டேன். இழுவலைய விட்டுட்டு சூரைத் தூண்டில் படகுக்கு மாறச் சொல்லி 2017ல திட்டம் வந்துச்சு, ஒரு படகு 80 லட்சம், அதுல நாங்க பத்து சதவீதம் கையில இருந்து போட்டு இருபது சதவீதம் கடன் வாங்கணும். ஏற்கெனவே முன்பணக் கடன்ல இருக்குறவன் எங்க போவான்?

மண்டபம்_மணல்

கணவாயாவது பரவால்ல. கடலட்டைய எடுத்துக்கங்க. இந்தியால 2001ல இருந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, தொடவே கூடாது. அந்தப் பக்கம் இலங்கைல லைசென்ஸ் எடுத்தா பிடிக்கலாம். நடுவுல இருக்குற கடல் எவ்ளோ தூரம்? அட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

அதனால என்ன நடக்குதுன்னா, இங்க எடுக்குற அட்டை ராத்திரியோட ராத்திரியா படகுல அங்க போகுது. சின்ன வயசுல எங்க தெருவுலயே பாத்திருக்கேன், அப்ப தடை இல்ல. வெள்ளை அட்டைய குடல் எடுத்து, பெரிய அண்டாவுல அவிச்சு, மணல்ல புதைச்சு வச்சு, மறுநாள் எடுத்து மேல் தோலச் சுரண்டி, மறுபடி அவிச்சு வெயில்ல போட்டா ஒரு சாண் அட்டை கட்டவிரல் அளவுக்கு சுருங்கி கல்லு மாதிரி ஆயிரும். அதுக்கப்புறம் அது மன்னார் வளைகுடா அட்டையா யாழ்ப்பாணத்து அட்டையா பண்ணை அட்டையான்னு பாத்து சொல்ல முடியாது. அங்க லைசென்ஸ் உள்ள ஒருத்தரோட சரக்குல கலந்துட்டா பேப்பரோட சிங்கப்பூர், ஹாங்காங் போயிரும். கடத்தல் சரக்குக்கு சட்டப்படி ஒரு ஊர் கிடைச்சுருது.

ரெண்டு நாடும் ஒரே மாதிரி பதிவு வச்சு எடைய ஒப்பிட்டா மட்டும்தான் இது பிடிபடும். ஒரு நாட்டுக்குள்ள மட்டும் எவ்ளோ நல்ல சிஸ்டம் வச்சாலும் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடந்தா என்ன பண்றது.

மீன்காரம்மா_மகள் (சென்னை)

எல்லாரும் ஏற்றுமதியப் பத்தியே பேசுறீங்க. எங்கம்மா காசிமேட்ல எடுத்து தெருத்தெருவா வித்து எங்களப் படிக்க வச்சவங்க. இந்த மாதிரி விதி வரும்போதெல்லாம் பெரிய கடைக்காரங்க ஸ்டிக்கர் ஒட்டிருவாங்க, கூடைக்காரம்மாவ பேப்பர் இல்லன்னு விரட்டுவாங்க, அந்த பயம் எனக்கு இருக்கு. தயவுசெஞ்சு அத மனசுல வச்சுக்கிட்டு பேசுங்க.

இன்னொரு விஷயம், பேரு. எங்கம்மா ஷீலான்னு விக்கிறது நீளமா ஊசி மாதிரி பல்லு இருக்குற மீன். தூத்துக்குடில இருந்து வந்த பக்கத்து வீட்டு அக்கா சீலா குடுங்கன்னு கேட்டு, இத காட்டுனதும் இது ஊளியாச்சேன்னு சொல்லிட்டாங்க. அவங்க கேட்டது எங்க ஊர் வஞ்சிரம்!

கொட்பே_தம்பி (திருகோணமலை)

நாங்கள் அதை அறக்குளா எண்டு சொல்லுவம் :)

உப்புக்காத்து (தூத்துக்குடி)

தங்கச்சி சொன்ன பேரு விஷயம் சின்னதா தெரியும், ஆனா இதுல எத்தனையோ சரக்கு மாட்டியிருக்கு. அதனாலதான் உலகம் முழுக்க மூணெழுத்து கோடு வச்சிருக்காங்க, வஞ்சிரம் சீலா அறக்குளா எல்லாத்துக்கும் சிஓஎம், மஞ்சள் துடுப்பு சூரைக்கு ஒய்எஃப்டி. கடலுக்கும் அப்படித்தான், வங்கக்கடல்னா 57, அரபிக்கடல்னா 51. ஏலக்கூடத்துல போர்டுல படத்தோட இத எழுதி வச்சா ஒரு வாரத்துல எல்லாருக்கும் பழகிரும். மீன் பேரு ஊருக்கு ஊரு மாறட்டும், அது அழகுதான், எழுதுற புத்தகத்துல மட்டும் ஒன்னா இருக்கட்டும்.

கூடைக்காரம்மா பயமும் நூத்துக்கு நூறு நியாயம். பதிவு ஏலத்துல முடியணும், அவங்க கைல பேப்பர் குடுக்கக் கூடாது. ஐரோப்பா சட்டத்துலயே 12 மீட்டருக்கு குறைஞ்ச, இழுவலை இல்லாத படகுக்கு எளிய படிவம் தனியா இருக்கு. அவங்களே சின்ன ஆளுக்கு வழி விட்டிருக்கும்போது நாம ஏன் நெருக்கணும்?

பாரிஸ்_சமையல்

இஞ்ச லா சப்பல் பக்கம் எங்கட ஆக்களின்ர மீன்கடையில பாருங்கோ, பச்சை மீன் எண்டால் விஞ்ஞானப் பேர், எந்தக் கடல், என்ன வலை எல்லாம் எழுதி வைக்கவேணும் எண்டது சட்டம். அதே மீனைச் சமைச்சு டின்னில அடைச்சால் அவ்வளவும் எழுதத் தேவையில்லை. பிடிச்ச இடம் தெரியாத மீனுக்கு டின் நல்ல ஒளிப்பிடம். வாங்குற நாடும் கொஞ்சம் தன்ர பக்கத்தைப் பார்க்க வேணும்.

நிரல்காரன்

எல்லாத்தையும் படிச்சேன். முதல்ல நான் அவசரப்பட்டு எழுதிட்டேன்னு தோணுது. பாம்பன் அண்ணன்கிட்ட ஒரு கேள்வி. கடலுக்குப் போகும்போது மீன்வளத்துறைல டோக்கன் வாங்குறீங்கல்ல, அதுல என்னென்ன இருக்கும்?

விசைப்படகு_பாம்பன்

படகு நம்பர், தேதி, போற ஆளு விவரம். டோக்கன் இல்லாம போகக் கூடாது. காத்து பலமா இருந்தா டோக்கன் குடுக்க மாட்டாங்க.

நிரல்காரன்

அப்ப புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேணாமே. படகு போனதுக்கு அரசாங்கத்துகிட்டயே ரெக்கார்டு இருக்கு. ஏலத்துல எடை போடும்போது அந்த டோக்கன் நம்பர எழுதிட்டா, தச்சு வேலைல இருந்த படகுக்கு டோக்கனே இருக்காது, அந்த 400 கிலோ அங்கயே மாட்டிக்கும். இதுக்கு பிளாக்செயின் வேணாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

உப்புக்காத்து (தூத்துக்குடி)

தம்பி, சரியா பிடிச்சீங்க!

நான் நாலு வருஷமா மனசுல போட்டுப் பாத்தது இதுக்கு அடுத்த படி. ஒரு படகுக்கு ஒரு பெட்டின்னு பிரிச்சு வைங்கன்னு சொன்னா நடக்காது. 30 கிலோ கணவாய்க்கு தனியா சைஸ் பிரிச்சு தனியா பெட்டி போட யாருக்கும் நேரமும் இல்ல ஐஸும் இல்ல. அதனால தொட்டியக் கணக்கு வைக்கணும். இந்தத் தொட்டிக்குள்ள இன்னைக்கு இந்த ஏழு டோக்கன், மொத்தம் 410 கிலோ, தொட்டி மூடியாச்சு, இதுக்கு ஒரு நம்பர். இதுல இருந்து எத்தன பெட்டி பிரிஞ்சாலும் எல்லாத்துலயும் அந்தத் தொட்டி நம்பர் டேக். கம்பெனிக்குள்ள போயி சுத்தம் பண்ணா எடை குறையும், கூடவே கூடாது. நான் பாத்த வரைக்கும் திருட்டு எப்பவும் அங்கதான் வெளிய தெரியும், உள்ள 410 வந்துச்சு, குடலு ஓடு எல்லாம் எடுத்த பிறகு வெளிய 600 போச்சுன்னா நடுவுல என்ன முளைச்சுது? எந்த மீன் எந்தப் படகுன்னு தெரியாட்டியும் பரவால்ல, இந்த ஏழுல ஒன்னு, எட்டாவது இல்லன்னு சொல்ல முடிஞ்சா போதும்.

அதோட நேரமும் இல்ல. ஐரோப்பால இறக்குமதி பண்றவங்க கேட்ச்னு ஒரு ஆன்லைன் சிஸ்டம்ல சர்டிபிகேட்ட ஏத்துறது 2026 ஜனவரி 10ல இருந்து கட்டாயம். இதுவரைக்கும் பேப்பர் பேப்பரா இருந்தது, ஒரே படகு நம்பர் ஒரே நாள்ல ரெண்டு கம்பெனி சர்டிபிகேட்ல இருந்தா யாரு ஒப்பிட்டுப் பாத்தா? இனிமே கம்ப்யூட்டர் பாக்கும். அமெரிக்காவும் 2018ல இருந்து இறக்குமதியாகுற சில மீன் வகைங்களுக்குத் தடம் கேக்குது. ஆமை தப்பிக்கிற கருவி வலைல இல்லன்னு நம்ம கடல் இறாலுக்கு அங்க கதவே மூடிட்டாங்க. 2025 ஜனவரில சென்னைப் பக்கம் ஆயிரத்துக்கு மேல பங்குனி ஆமை செத்து ஒதுங்குச்சு, நீங்க எல்லாரும் படம் பாத்திருப்பீங்க. கருவி மாட்டுன படகு எது மாட்டாதது எதுன்னு காட்ட முடிஞ்சிருந்தா மாட்டுனவனாவது இறால வித்திருப்பான்ல?

மண்டபம்_மணல்

தொட்டிக் கணக்கு நல்ல யோசனை. ஆனா எழுதப்போறது யாரு? ஏஜெண்ட் எழுதுனா பழைய கதைதான்.

மீன்காரம்மா_மகள் (சென்னை)

சைஸ் பிரிக்கிற அக்காங்க எழுதட்டும். ஏலத்துல எந்தப் படகு மீன் எந்தத் தொட்டில விழுந்துச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், எங்கம்மாவுக்கு எல்லாம் கண்ணு தராசு மாதிரி. அவங்க யாருக்கும் முன்பணக் கடன் இல்ல, தினக்கூலி. அந்த வேலைக்கு தனியா ஒரு கூலி குடுங்க, சும்மா தலைல கட்டாதீங்க.

உப்புக்காத்து (தூத்துக்குடி)

இது எனக்குத் தோணவே இல்ல தங்கச்சி. 11 வருஷம் அவங்க பக்கத்துல நின்னிருக்கேன்.

விசைப்படகு_பாம்பன்

சரி, நான் ஒன்னு சொல்றேன். முன்பணம், வெல எல்லாம் நாளைக்கே தீராது. ஆனா என் ரெண்டு படகும், என் சித்தப்பா மகன் படகு மூணும், ஒரே ஏஜெண்டுக்குத்தான் கணவாய் போடுறோம். அவரு நல்ல மனுஷன், கேட்டுப் பாத்தேன், வேலைக்குத் தடங்கல் இல்லன்னா பண்ணிப் பாருங்கன்னாரு. ஐரோப்பாக்காரன் கம்ப்யூட்டர்ல பாப்பான்னு சொன்னதும் அவரே யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு. அஞ்சு டோக்கன், ஒரு தொட்டி. எழுதறதுக்கு ஒரு அக்கா இருக்காங்க, பத்தாவது வரைக்கும் படிச்சவங்க, அவங்க கூலிய நாங்க அஞ்சு படகும் சேந்து குடுத்துக்கிறோம்.

கொட்பே தம்பி, எங்க பிடிச்சதுங்கற கட்டத்தையும் எழுதச் சொல்றேன். உண்மையத்தான் எழுதுவோம், இந்தப் பக்கம் பிடிச்ச மீன் மட்டும்தான் அந்தத் தொட்டில விழும்.

கொட்பே_தம்பி (திருகோணமலை)

அண்ணை, இதை மாமாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். அவர் ஒண்டும் கதைக்கேல்லை, திரும்ப ஒருக்கா வாசி எண்டார்.

உப்புக்காத்து (தூத்துக்குடி)

நான் வர்றேன் அண்ணாச்சி. எப்ப வரட்டும்?

விசைப்படகு_பாம்பன்

சனிக்கிழம தொழிலுக்குப் போறோம், காத்து இல்லன்னா. ஞாயிறு விடிய கரை. ஆறு மணிக்கு முன்னாடி ஜெட்டிக்கு வந்துருங்க, ஏலம் ஆரம்பிச்சுட்டா நிக்க நேரம் இருக்காது. தராசு எங்கிட்ட இருக்கு. பேனா மை தண்ணில கரையும், பென்சில் கொண்டாங்க. டேக் மட்டும் நீங்க பாத்துக்கங்க, ஐஸ்ல நனைஞ்சாலும் பிஞ்சு போகாத மாதிரி.